சக ஆய்வாளர் மதிப்பாய்வும் ஆய்வுக்கட்டுரைகளின் நம்பகத்தன்மையும்: தமிழ்நாடு

சக ஆய்வாளர் மதிப்பாய்வு என்பது, ஆய்விதழுக்கு வரும் கட்டுரையை வெளியிடும் முன் அத்துறை அறிந்த வேறு சிலரிடம் கொடுத்துக் கருத்துக் கேட்கும் முறை. ஆய்வாளர்கள் பேச்சுவழக்கில் இதைப் ‘பியர் ரிவியூ’ என்பர். கேள்வி புதியதா, முறை பொருந்துகிறதா, முடிவு தரவைத் தாண்டிப் போகிறதா என்று இங்கே பார்க்கிறார்கள். முடிவு உண்மை என்று சான்றளிப்பது இதன் வேலை அல்ல. ஆனால் இந்தியாவில் கடந்த இருபது ஆண்டுகளில் முனைவர் பட்டம், பதவி உயர்வு, கல்லூரித் தரவரிசை ஆகிய மூன்றின் பாரமும் இதன்மேல் ஏறியது. நம்பகத்தன்மை பற்றிய இன்றைய சர்ச்சைகள் பெரும்பாலும் அதிலிருந்து கிளைத்தவை.

நடைமுறை

கட்டுரையை முதலில் இதழாசிரியர் படிக்கிறார். தகுதியற்றதை அப்போதே திருப்பி அனுப்புகிறார். மற்றவை இரண்டு அல்லது மூன்று மதிப்பாய்வாளர்களிடம் போகின்றன. அவர்களுக்குப் பெரும்பாலும் ஊதியம் கிடையாது; பெயரும் வெளியே தெரிவதில்லை. ஏற்கலாம், திருத்தி அனுப்பட்டும், வேண்டாம் என்பவற்றுள் ஒன்றை அவர்கள் பரிந்துரைக்க, ஆசிரியர் முடிவெடுக்கிறார்.

துறைக்குத் துறை இதன் வலிமை மாறும். கணிதத்தில் சான்று முழுவதும் தாளிலேயே இருக்கிறது. பொறுமை உள்ளவர் வரிவரியாகச் சரிபார்க்கலாம். நாவலூரை அடுத்த சிறுசேரியிலுள்ள சென்னைக் கணிதவியல் கழகம், தரமணியிலுள்ள கணிதவியல் அறிவியல் நிறுவனம் போன்ற இடங்களில், கட்டுரையை இதழுக்கு அனுப்பும்போதே 1991இல் தொடங்கிய ‘ஆர்க்சிவ்’ இணையக் களஞ்சியத்திலும் ஏற்றிவிடுவது வழக்கம். மருத்துவத்திலும் வேதியியலிலும் சான்று ஆய்வகத்திலோ மருத்துவமனையிலோ கிடக்கிறது. மதிப்பாய்வாளர் கையில் கிடைப்பது அதைப் பற்றிய விவரணை மட்டுமே.

வரலாறு

லண்டன் ராயல் சொசைட்டியின் ‘பிலசாஃபிகல் டிரான்சாக்ஷன்ஸ்’ 1665இல் தொடங்கியது. எழுத்துவடிவ மதிப்புரை அங்கே 1830-களில்தான் வழக்கத்துக்கு வந்தது. ‘நேச்சர்’ இதழ் எல்லாக் கட்டுரைகளையும் முறைப்படி மதிப்பாய்வுக்கு அனுப்பத் தொடங்கியது 1973இல்.

தமிழ்நாட்டுக்கு நெருக்கமான பழைய எடுத்துக்காட்டு சீனிவாச ராமானுஜனின் முதல் ஆய்வுக்கட்டுரை. வி. ராமசாமி ஐயர் 1907இல் நிறுவிய இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில், பெர்னூலி எண்கள் பற்றிய அக்கட்டுரை 1911இல் வந்தது. ஆசிரியர் எம். டி. நாராயண ஐயங்கார், விளக்கம் போதவில்லை என்று கையெழுத்துப் படியைத் திரும்பத் திரும்பத் திருத்தச் சொன்னார். நடை தெளிந்தது. ஆனால் பிழையான ஒரு கூற்று அதைத் தாண்டியும் அச்சேறியது: பெர்னூலி எண்ணை அதன் வரிசை எண்ணால் வகுத்துச் சுருக்கினால் தொகுதி பகா எண்ணாகவே அமையும் என்பது. 20ஆம் எண்ணிலேயே அது பொய்க்கிறது. அங்கே தொகுதி 174611, அதாவது 283 × 617. அமெரிக்கக் கணிதவியலாளர் சாமுவேல் வாக்ஸ்டாஃப், அதே இதழின் 1981ஆம் ஆண்டுத் தொகுதியில் இக்கட்டுரையின் கூற்றுகளை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்தார்.

சரியான முடிவு தள்ளிவைக்கப்பட்டதும் உண்டு. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த எஸ். சந்திரசேகர், வெண்குறு விண்மீன்களின் நிறைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு என்று காட்டினார். 1935 ஜனவரியில் லண்டனில் வானியற்பியலாளர் ஆர்தர் எடிங்டன் அதை வெளிப்படையாக மறுத்தார். அவருடைய செல்வாக்கால் அக்கருத்து நெடுநாள் ஒதுங்கிக் கிடந்தது. 1983இல் சந்திரசேகருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இடையில், 1952 முதல் 1971 வரை, ‘அஸ்ட்ரோஃபிசிகல் ஜர்னல்’ ஆசிரியராக இருந்து மற்றவர் கட்டுரைகளை மதிப்பிடும் பொறுப்பையும் அவர் சுமந்தார்.

வரம்புகள்

மதிப்பாய்வாளர் எவ்வளவு கண்டுபிடிப்பார் என்பதையே பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் சோதித்தது. எட்டுக் குறைகளை வேண்டுமென்றே புகுத்திய கட்டுரை ஒன்றை மதிப்பாய்வுக்கு அனுப்பினார்கள். 221 பேர் பதில் அனுப்பினர். சராசரியாக ஒருவர் கண்டது இரண்டு குறைகளே. ஃபியோனா காட்லீயும் உடன் ஆய்வாளர்களும் 1998இல் இதை வெளியிட்டனர். கவனக்குறைவான பிழையே இப்படித் தப்புமென்றால், திட்டமிட்ட பொய் தப்புவது இன்னும் எளிது. ஏனெனில் கட்டுரையாளரின் நேர்மையை நம்பியே மதிப்பாய்வு தொடங்குகிறது.

திருப்பதி ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் ஒருவர் 2004–2007 காலத்தில் வெளியிட்ட ஏறத்தாழ 70 கட்டுரைகள் பிறருடையதைத் திருடியவை அல்லது புனைந்தவை என்று 2008இல் வெளிப்பட்டது. அவை பல நாட்டு இதழ்களின் மதிப்பாய்வைக் கடந்தவை. 2020 மே மாதம் ‘லான்செட்’ மருத்துவ இதழ் வெளியிட்ட, கொரோனாவுக்கான ஹைட்ராக்சிகுளோரோகுயின் மருந்து பற்றிய ஆய்வு, மூலத் தரவைக் காட்ட முடியாததால் ஜூன் தொடக்கத்திலேயே திரும்பப் பெறப்பட்டது.

மோசடி இல்லாத இடத்திலும் சிக்கல் இருக்கிறது. 2015இல் ஒரு பன்னாட்டுக் குழு 100 உளவியல் ஆய்வுகளை மறுபடி செய்து பார்த்தது. மூல ஆய்வுகளில் 97 விழுக்காடு புள்ளியியல் பொருளுள்ள முடிவு காட்டியிருந்தன. மறுஆய்வில் அது 36 விழுக்காடு. சிறிய மாதிரியும், பலன் காட்டிய முடிவை மட்டும் வெளியிடும் பழக்கமும் காரணங்களில் முக்கியமானவை.

கட்டாயமும் எண்ணிக்கையும்

பல்கலைக்கழக மானியக் குழு 2009இல் விதித்த ஒழுங்குமுறைப்படி, ஆய்வேடு அளிக்கும் முன் மதிப்பாய்வு செய்யப்படும் இதழில் ஒரு கட்டுரையாவது வெளியிட வேண்டியிருந்தது. 2010இல் ஆசிரியர் பதவி உயர்வுக்கும் கட்டுரைகளுக்குப் புள்ளி வந்தது. 2016 முதல் வெளியாகும் தேசியத் தரவரிசையான என்.ஐ.ஆர்.எஃப்-இல், பல்கலைக்கழகங்களுக்கும் பொறியியல் கல்லூரிகளுக்கும் ஆய்வுப் பகுதியின் எடை 30 விழுக்காடு. பழைய மாமல்லபுரம் சாலை, தாம்பரம், காட்டாங்குளத்தூர் வட்டாரத்தில் நெருங்கியிருக்கும் தனியார் பல்கலைக்கழகங்களுக்கு மாணவர் சேர்க்கை விளம்பரத்தில் இத்தரவரிசை பெரிய முதலீடு. ‘ஸ்கோபஸ் பேப்பர் போட்டாச்சா?’ (ஸ்கோபஸ் என்பது ஆய்விதழ்க் கட்டுரைகளின் தரவுத்தளம்) என்பது இங்கே ஆசிரியர் அறைகளில் புழங்கும் கேள்வி.

இக்கணக்கின் விளைவாகப் பெரிதும் பேசப்பட்டது சென்னை சவீதா பல் மருத்துவக் கல்லூரி. அங்கே இளநிலை மாணவர்கள் தேர்வின் பகுதியாகக் கட்டுரைகள் எழுதினர் என்றும், அவை அதே நிறுவனத்தாரின் முந்தைய கட்டுரைகளை மிகுதியாக மேற்கோள் காட்டின என்றும் 2023 ஜூனில் ‘சயன்ஸ்’ இதழ் எழுதியது. தம் நிறுவனத்தின் முந்தைய பணியைச் சுட்டுவது தன்னளவில் தவறல்ல. மேற்கோள் எண்ணிக்கையைத் தரத்தின் அளவுகோலாகத் தரவரிசை எடுத்துக்கொள்ளும்போதுதான் அது விவாதப்பொருளாகிறது.

போலி இதழ்கள்

தேவை பெருகியதும் பணம் வாங்கிக்கொண்டு, மதிப்பாய்வு செய்யாமலே வெளியிடும் இதழ்கள் பெருகின. 2014இல் இத்தகைய இதழ்களில் எழுதியோரில் மூன்றில் ஒரு பங்கினர் இந்தியர் என்று ஃபின்லாந்து ஆய்வாளர்கள் மதிப்பிட்டனர். 2013இல் ‘சயன்ஸ்’ செய்தியாளர் ஜான் பொஹானன், அப்பட்டமான பிழைகள் நிறைந்த போலிக் கட்டுரையை 304 இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன. ஹைதராபாத்தைச் சேர்ந்த ஓமிக்ஸ் பதிப்பகம் ஆய்வாளர்களை ஏமாற்றியதாக, 2019இல் அமெரிக்க நீதிமன்றம் 5 கோடி டாலருக்கு மேல் செலுத்த உத்தரவிட்டது.

மானியக் குழு ஏற்ற இதழ்களின் பட்டியலுக்குள்ளேயே போலி இதழ்கள் நுழைந்தன. பல்கலைக்கழகங்கள் பரிந்துரைத்ததால் பட்டியலில் சேர்ந்த இதழ்களைப் புனே ஆய்வாளர் பூஷண் பட்வர்தன் குழு ஆராய்ந்தது. 88 விழுக்காட்டுக்கு மேல் தரமற்றவை என்று 2018இல் ‘கரண்ட் சயன்ஸ்’ இதழில் எழுதியது. அவ்வாண்டு மே மாதம் 4,305 இதழ்கள் நீக்கப்பட்டன. அடுத்து வந்த ‘கேர்’ பட்டியலும் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டு, இதழைத் தேரும் பொறுப்பு கல்வி நிறுவனங்களிடமே விடப்பட்டது.

வெளியீட்டுக்குப் பின் திருத்தம்

பல பிழைகளைப் பிடித்தவர்கள் அச்சுக்கு முந்திய மதிப்பாய்வாளர்கள் அல்லர், பின்னால் வந்த வாசகர்களே. 2018 ஜூலையில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் இருவர், பொன்–வெள்ளித் துகள்களில் அறைவெப்பநிலைக்கு நெருங்கிய மீக்கடத்துதிறனைக் கண்டதாக ஆர்க்சிவில் அறிவித்தனர். வரைபடத்தில் தற்செயலாக அமைய வேண்டிய இரைச்சல் இரு வளைவுகளில் ஒரேபோல் இருப்பதை, சில வாரங்களில் அமெரிக்க இயற்பியலாளர் பிரையன் ஸ்கின்னர் சுட்டிக்காட்டினார்.

இதழ்கள் கட்டுரையைத் திரும்பப் பெறுவதும் பெருகியுள்ளது. 2023இல் உலக அளவில் 10,000க்கு மேற்பட்டவை திரும்பப் பெறப்பட்டன. அவற்றில் 8,000க்கு மேல் ஹிந்தாவி பதிப்பகத்தினுடையவை. காசுக்குக் கட்டுரை எழுதித் தரும் நிறுவனங்கள் அதன் சிறப்பிதழ்களில் புகுந்ததே முதன்மைக் காரணம்.

சீர்திருத்தங்கள்

கருத்துத் திருட்டின் அளவுக்கேற்பத் தண்டனை வகுக்கும் மானியக் குழு ஒழுங்குமுறை 2018 ஜூலையில் வந்தது. முனைவர் பட்டத்துக்கான கட்டுரைக் கட்டாயத்தை 2022 நவம்பரில் மானியக் குழு நீக்கியது. பல்கலைக்கழகங்கள் தம் விதியில் அதை வைத்துக்கொள்ளத் தடையில்லை. 2025 என்.ஐ.ஆர்.எஃப் தரவரிசையில், திரும்பப் பெற்ற கட்டுரைகளுக்கு மதிப்பெண் குறைக்கும் முறை அறிமுகமானது. மருத்துவச் சோதனை ஆய்வுகளை (கிளினிக்கல் டிரையல்) முன்கூட்டியே பதிவு செய்வது 2009 ஜூன் முதல் இந்தியாவில் கட்டாயம். கிடைத்த முடிவுக்கேற்பக் கேள்வியை மாற்றிக்கொள்வதை இது கடினமாக்குகிறது.

வாசகர் சரிபார்க்கும் வழிகள்

கட்டுரை திரும்பப் பெறப்பட்டதா என்பதை ‘ரிட்ராக்ஷன் வாட்ச்’ தரவுத்தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். மாதிரி எத்தனை பேர், பணம் தந்தது யார், மூலத் தரவு கிடைக்கிறதா என்பவை பெரும்பாலும் கட்டுரையிலேயே இருக்கும். மருத்துவச் செய்தியாக இருந்தால், ஒற்றை ஆய்வைவிடப் பல ஆய்வுகளைத் தரம் பிரித்துத் தொகுக்கும் ‘கோக்ரேன்’ ஆய்வுரைகளைப் பார்ப்பது நல்லது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் பி. வி. மோசஸ் மையம் இப்பணியில் பங்கேற்கிறது. ஐயத்துக்குரிய ஆய்வுகளை அத்தொகுப்பில் எப்படிக் கையாள்வது என்பதற்கு 2021 முதல் கோக்ரேனில் தனிக் கொள்கை இருக்கிறது.