மின்னணு விளையாட்டின் கதை – 12: ஆணி ஆடிய ஆட்டம், எண் ஆடும் ஆட்டம்

கியோட்டோவில் ஹனஃபுடா சீட்டு தயாரித்து 1889-இல் தொழிலைத் தொடங்கிய நிண்டெண்டோவின் கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். இந்த வாரம் நகோயா.

போரில் சிதைந்த அந்த நகரத்தில்தான் பச்சிங்கோ இன்றைய வடிவம் பெற்றது. நிமிர்ந்து நிற்கும் ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே பலகை நிறையப் பித்தளை ஆணிகள். அவற்றின் நடுவே தட்டித் தடுமாறி இறங்கும் 11 மில்லிமீட்டர் எஃகுக் கோலிகள். குழிக்குள் கோலி விழுந்தால் மேலும் கோலிகள் கொட்டும். 1940-களின் இறுதியில் மசமுரா தகேயிச்சி என்பவர் ஆணிகளின் அடுக்கையே மாற்றினார். பலகை முழுக்க ஒரே சீராக இருந்த ஆணிகளை ஆங்காங்கே கொத்துக் கொத்தாக அறைந்து, இடையில் வெளி விட்டு, சிறு காற்றாடிகளையும் பொருத்தினார். கோலி எந்தப் பக்கம் திரும்பும் என்று ஊகிக்க முடியாமல் போனது. நாடே அதன் முன் உட்கார்ந்தது.

பச்சிங்கோ கூடத்தை அடைத்த பிறகு, சின்னச் சுத்தியலோடு ஆணித் தச்சர் வருவார். ஓர் ஆணியை மயிரிழை அளவு வளைத்தால் போதும், மறுநாள் அந்த இயந்திரத்தின் கொடுப்பினை மாறிவிடும். தேர்ந்த ஆட்டக்காரர்கள் எந்த ஆணி விரிந்திருக்கிறது என்று கண்ணாலேயே அளந்துவிட்டுத்தான் இடம் பிடிப்பார்கள். தச்சரின் கைக்கும் ஆட்டக்காரரின் கண்ணுக்கும் நடந்த போட்டி அது. அதை விளையாட்டு என்று சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை.

1980-இல் சான்கியோ நிறுவனம் 'ஃபீவர்' இயந்திரத்தைக் கொண்டுவந்தது. பலகையின் நடுவே மூன்று உருளைகள். கோலி குழியில் விழுந்ததும் அவை சுழலும். மூன்று ஏழுகள் சேர்ந்தால் கீழே அகன்ற வாய் திறந்து கோலிகளை வாரி விழுங்கும். பரிசுக் கோலிகள் தட்டு தட்டாக நிரம்பும். கூட்டம் அலைமோதியது. அடுத்த ஆண்டே கட்டுப்பாடுகள் வந்தன. ஆனால் எண் ஆடும் ஆட்டத்துக்கு வழி திறந்துவிட்டது.

பின்னால் வந்த இயந்திரங்களில் என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். திரையில் ஏழு, பக்கத்தில் இன்னொரு ஏழு. மூன்றாவது எண் மெல்ல மெல்ல நகர்கிறது. இசை உயர்கிறது, விளக்குகள் துடிக்கின்றன, ஆட்டக்காரர் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார். ஆனால் கோலி குழியில் விழுந்த கணமே உள்ளிருக்கும் சில்லு ஓர் எண்ணைப் பொறுக்கி, வெற்றியா தோல்வியா என்று முடிவு கட்டிவிட்டது. அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் வாணவேடிக்கை. ஆணிக்கு இன்னும் வேலை உண்டு. எத்தனை கோலி குழிக்குள் போகும் என்பதை அது தீர்மானிக்கிறது. வெற்றியைத் தீர்மானிப்பது சில்லு.

அதே கூடங்களில் இருக்கும் ஸ்லாட் இயந்திரமான பச்சிஸ்லாட்டில் இது இன்னும் நுட்பம். மூன்று உருளைகளையும் ஆட்டக்காரரே பொத்தானை அழுத்தி நிறுத்த வேண்டும். ஆனால் அழுத்திய இடத்திலிருந்து நான்கு சின்னங்கள் வரை உருளை சறுக்கி நிற்க விதி இடம் தருகிறது. சில்லு வெற்றி கொடுக்காத சுற்றில், விரல் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் சின்னங்கள் சேராது.

அப்படியானால் இது சூதாட்டம் இல்லையா? ஜப்பானியக் குற்றவியல் சட்டத்தின் 185-ஆம் பிரிவு சூதாட்டத்தைத் தடை செய்கிறது. 1948-இல் வந்த கேளிக்கைத் தொழில் சட்டமோ பச்சிங்கோவுக்கு உரிமம் தருகிறது. கூடத்தில் பணம் கொடுக்கக் கூடாது, பொருள் கொடுக்கலாம். அதனால் ஜெயித்தவருக்குத் தங்கத் துணுக்கு பதித்த சிறு பிளாஸ்டிக் அட்டை போன்ற ஒன்று கிடைக்கும். வெளியே சந்தில் ஒரு சின்ன ஜன்னல். அங்கே கொடுத்தால் பணம். ஜன்னல்காரர் அதை மொத்த வியாபாரிக்கு விற்பார், அவர் மறுபடி கூடத்துக்கு விற்பார். பரிசுப் பொருள் வாங்கும் தொழிலில் யாகுசா கும்பல்கள் புகுந்து கொழுத்ததால், அவர்களை விரட்ட 1961-இல் ஒசாகாவில் உருவான ஏற்பாடு இது. அந்தக் காலத்துக்கு அது நல்ல மருந்து. ஆனால் அப்போது கூடத்தில் இருந்தவை ஆணி இயந்திரங்கள். இயந்திரத்தின் உள்ளம் முழுக்க மாறிய பிறகும் அதே ஏற்பாடு தொடர்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

பெற்றோர் உள்ளே ஆட்டத்தில் மூழ்கியிருக்க, கோடை வெயிலில், கூடத்தின் வாகன நிறுத்தத்தில் பூட்டிய காருக்குள் விடப்பட்ட குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். ஒருமுறை அல்ல, பலமுறை. 2018-இல் இயற்றிய சூதாட்ட அடிமைத்தனத் தடுப்புச் சட்டம், குதிரைப் பந்தயம் போன்றவற்றோடு பச்சிங்கோவையும் தன் வரையறைக்குள் சேர்த்தது. உரிமம் தரும் சட்டத்தில் அது இன்றும் கேளிக்கைதான்.

அமெரிக்க ராணுவ முகாம்களுக்குள் ஸ்லாட் இயந்திரம் கொண்டுபோனவர்கள் செகாவாக வளர்ந்த கதை, அடுத்த வாரம்.