உருளைக்கிழங்கு வெந்த மணி



பொங்கலுக்கு வெள்ளையடிக்க அட்டாலியை ஒழித்தால், நம் அவிநாசிபாளையம் வீடுகளில் இன்னதென்று தெரியாத பித்தளைச் சாமான் ஒன்றாவது அகப்படும். எடைக்குப் போடும் முன் இதைப் படியுங்கள்.

1836 வாக்கில் நியூசிலாந்தில் வில்லியம் கொலென்சோ என்ற மிஷனரி, மாவோரிப் பெண்கள் ஒரு வெண்கலப் பாத்திரத்தில் உருளைக்கிழங்கு வேகவைப்பதைக் கண்டார். அது விளிம்பு உடைந்த ஒரு மணி. காற்றில் சாய்ந்த பெருமரத்தின் வேரடியில் கிடைத்தது என்றார்கள். ஓர் இரும்புப் பானையைக் கொடுத்து அதை வாங்கிக்கொண்டார். அதைச் சுற்றியிருந்த எழுத்து தமிழ் என்பது பின்னர்தான் தெரிந்தது. 'முகைதீன் பக்சு கப்பலின் மணி' என்பது அதன் பொருள். 1899இல் கொலென்சோ மறைந்தபின், அவர் விருப்பப்படி அருங்காட்சியகத்துக்குப் போனது. இன்று வெலிங்டனில், தெ பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

எழுத்து அழியாமல் இருந்ததும், கிடைத்த விவரத்தை அவர் கேட்டு வைத்ததும்தான் அந்த மணிக்கு ஊரும் பேரும் தந்தன.

ஆகவே, புளி போட்டுத் தேய்க்காதீர்கள். எழுத்திருந்தால் படம் எடுங்கள். அப்பத்தாவிடமும் அம்மிச்சியிடமும் கேட்டு எழுதி வையுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேளுங்கள். மண்ணுக்குள் கிடைத்த பொருள் 10 ரூபாய்க்கு மேல் பெறுமென்றால், 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும்.