படிக்கும்போதே ராணுவ அதிகாரி ஆகலாமா?



போன ஞாயிற்றுக்கிழமை என் அண்ணாவின் பேத்தி போன் செய்தாள். திருச்சியில் பி.எஸ்சி. கடைசி வருஷம். என்.சி.சி.யிலும் மூன்றாவது வருஷம். “சின்னத் தாத்தா, அமெரிக்காவில் காலேஜ் படித்துக்கொண்டே பகுதிநேர ராணுவ அதிகாரி ஆக வழி இருக்காமே, நம்ம ஊரில் இல்லையா?” என்று கேட்டாள். அவள் ராணுவத்துக்குப் போகலாமா கூடாதா என்று நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாரமாக வாக்குவாதம் நடக்கிறது. இரண்டுக்கும் சேர்த்து இங்கேயே பதில் எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் 1916ஆம் ஆண்டுச் சட்டப்படி கல்லூரிகளிலேயே அதிகாரிப் பயிற்சி தொடங்கியது. அங்கே ஒரு மாணவர் கல்லூரிப் பயிற்சியோடு மாநிலத் தேசியக் காவல் படையிலும் சேர்ந்து, படிப்பு முடியும்போது அதிகாரி ஆகலாம். வேலை பார்த்துக்கொண்டே மாதத்தில் ஒரு வார இறுதியும் வருஷத்தில் சில வாரங்களும் படைக்குப் போவார். இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்களில் 1908லேயே இப்படி ஒரு பயிற்சிப் படை வந்துவிட்டது.

இந்தியாவில் முதல் உலகப் போர் நடந்த 1917இல் பல்கலைக்கழக மாணவர்களுக்குப் படைப்பயிற்சி ஆரம்பித்தது. 1920ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் அது பல்கலைக்கழகப் பயிற்சிப் படை என்று ஆனது. 1946இல் பண்டித ஹிருதயநாத் குன்ஸ்ரு தலைமையில் ஒரு குழு அமைத்தார்கள். அதன் பரிந்துரையின் பேரில் 1948இல் என்.சி.சி. பிறந்தது.

அதே 1948இல் இன்னொரு சட்டமும் வந்தது. அதுதான் பிராந்திய ராணுவச் சட்டம். 1949 அக்டோபர் 9 அன்று அந்தப் படையைத் தொடங்கி வைத்தவர் அப்போது கவர்னர் ஜெனரலாக இருந்த நம் ராஜாஜி. சொந்தத் தொழிலோ உத்தியோகமோ பார்த்துக்கொண்டு, வருஷத்தில் சுமார் இரண்டு மாதம் சீருடை போடும் படை அது. மோகன்லாலும் தோனியும் கௌரவப் பதவி பெற்றது இந்தப் படையில்தான். அதன் 117ஆவது காலாட்படைப் பட்டாலியன் நம் திருச்சியில்தான் இருக்கிறது.

பேத்தியின் கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது. அமெரிக்காவில் ஒரே பாதையாக இருப்பதை நாம் 1948இல் இரண்டாகப் பிரித்துக்கொண்டோம். என்.சி.சி.யில் இருக்கும் மாணவர் ‘அண்டர் ஆபீசர்’ வரை உயரலாம், ஆனால் அது மாணவர் பதவிதான், ராணுவ அதிகாரி பதவி ஆகாது. பிராந்திய ராணுவத்தில் அதிகாரி ஆக, கையில் பட்டமும் கைக்கு ஒரு வருமானமும் வேண்டும். ஆகவே படிக்கும்போதே பகுதிநேர அதிகாரி ஆவது இங்கே முடியாது. பட்டம் வாங்கும் நேரத்தில்தான் கதவு திறக்கும். அதுவும் கொஞ்ச காலத்துக்குத்தான். அந்தச் சமயத்தில் வீடு என்ன சொல்கிறது என்பதைப் பொறுத்துப் பிள்ளையின் வாழ்க்கை ஒரு பக்கம் திரும்பிவிடும்.

இதை நான் கண்ணால் பார்த்தவன்.

1962 சீனப் போருக்குப் பின், 1963இல் கல்லூரி ஆண் பிள்ளைகளுக்கு என்.சி.சி. கட்டாயம் ஆனது. அண்ணா கல்லூரியில் சேர்ந்தபோது நான் சின்னப் பையன். பரேடு உள்ள நாளில் விடியற்காலை எழுந்து, கஞ்சி போட்டு விறைத்த காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு, ஸ்ரீரங்கத்திலிருந்து காவிரிப் பாலம் தாண்டி சைக்கிளில் போவார். அவர் பூட்ஸுக்கு பாலீஷ் போடுவது என் வேலை. ‘சாவ்தான்’, ‘விஷ்ராம்’ என்று அவர் வீட்டில் கத்த, நான் விறைத்து நிற்பேன். அந்த இந்திக் கட்டளைகளை என்.சி.சி.யில் கைவிட வேண்டும் என்று 1968 ஜனவரியில் அண்ணாதுரை காலத்துச் சட்டமன்றம் தீர்மானம் போட்டது பலருக்கு இப்போது நினைவிருக்காது. அதே காலத்தில்தான் கட்டாயமும் தளர்ந்தது. 1969இல் நாட்டு நலப்பணித் திட்டம் வந்தது.

மற்றவர்கள் கட்டாயத்துக்குப் போனார்கள், அண்ணா ஆசையாகப் போனார். ‘சி’ சான்றிதழும் வாங்கினார். பரங்கிமலையில் 1963இல் தொடங்கிய அதிகாரிகள் பயிற்சிப் பள்ளியில் சேர விண்ணப்பம் போட்டார்.

நேர்முகத் தேர்வுக்கான கடிதம் வந்த அன்று அண்ணா வீட்டில் இல்லை. தபால்காரர் என் கையில்தான் கொடுத்தார். நான் அதை அம்மாவிடம் கொடுத்தேன். 1965 போரின்போது ரேடியோவை விட்டு நகராமல் செய்தி கேட்டவள் அம்மா. எதுவும் பேசாமல் கடிதத்தை அரிசி டின்னுக்குள் வைத்தாள். “அண்ணாகிட்ட சொல்லாதே” என்றாள். பத்து வயசு எனக்கு. சொல்லவில்லை. தேதி போன பிறகுதான் அண்ணா கண்ணில் அது பட்டது. அம்மாவிடம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. வங்கியில் வேலைக்குச் சேர்ந்தார், எங்களை எல்லாம் கரையேற்றினார். எனக்கு ஆசிரியர் பயிற்சிக்குப் பணம் கட்டியதும் அவர்தான்.

அம்மா பயந்தது தப்பு என்று சொல்ல மாட்டேன். திருச்சி கன்டோன்மென்ட் பக்கம் போகிறவர்கள் மேஜர் சரவணன் நினைவிடத்தைப் பார்த்திருப்பீர்கள். கார்கில் போரில் 1999 மே 29 அன்று படாலிக் பகுதியில் உயிர் கொடுத்த நம் ஊர்ப் பிள்ளை. வீர் சக்ரா விருது பெற்றவர். அவர் வீட்டார் பட்டதை நாம் அறிவோம். பயம் நியாயம்தான். ஆனால் பயத்தைப் பிள்ளையிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கடிதத்தை ஒளிக்கக் கூடாது.

பேத்திக்கு: ‘சி’ சான்றிதழில் குறைந்தது ‘பி’ கிரேடு, பட்டப்படிப்பில் 50 சதவீதம், 25 வயதுக்குள். இவை இருந்தால் என்.சி.சி. சிறப்பு நுழைவில் எழுத்துத் தேர்வு இல்லை. நேரே ஐந்து நாள் எஸ்.எஸ்.பி. தேர்வுக்கு அழைப்பார்கள். கடைசி வருஷத்திலேயே விண்ணப்பிக்கலாம். பெண்களுக்கு இடம் மிகக் குறைவு, மனதில் வைத்துக்கொள். தேறினால் அதே பரங்கிமலையில் 49 வாரப் பயிற்சி. அங்கே பெண்களைச் சேர்த்தது 1992இல். நிரந்தரப் பணி உரிமையை 2020இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. கிடைக்காவிட்டாலும் வேலையில் சேர்ந்தபின் பிராந்திய ராணுவத்துக்கு 42 வயது வரை முயலலாம். நீ கேட்ட பகுதிநேரப் பாதை அதுதான்.

உறவுகளுக்கு: வேண்டாம் என்று நினைப்பவர்கள் அவளிடமே பேசுங்கள். முடிவை அவள் எடுக்கட்டும்.

அண்ணா, உங்களுக்கு 78 வயது ஆகிறது. கடிதத்தை அம்மா வைத்தது உங்களுக்குத் தெரியும். அதை வாங்கிக் கொடுத்தது நான் என்று இதுவரை சொன்னதில்லை. இந்தப் பதிவைப் போடுவதற்கு முன் நேரில் வந்து சொல்லத்தான் கிளம்பினேன். உங்கள் வீட்டு வாசலில் பேத்தியின் பூட்ஸுக்கு நீங்கள் பாலீஷ் போட்டுக்கொண்டிருந்தீர்கள். பேச்சு வரவில்லை, காபி குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன். மன்னியுங்கள்.

ராணுவத்தில் இருக்கும் என் மாணவர்கள் யாராவது இதைப் படித்தால், எஸ்.எஸ்.பி. பற்றித் தெரிந்ததைக் கீழே எழுதுங்கள். அவள் படிப்பாள்.

அன்புடன்,
உங்கள் சார்
ஸ்ரீரங்கம்