10-10 அணுகு எண்கள்

ஐக்கிய அமெரிக்காவில் 1984 இல் ஏ.டி. அண்ட் டி. நிறுவனம் பிரிக்கப்பட்ட பின், தொலைதூர அழைப்புச் சேவையில் போட்டி வளர்ந்தது. வாடிக்கையாளர் தமது வழக்கமான நிறுவனத்தை மாற்றாமலே, அணுகு எண் ஒன்றை முதலில் அழுத்தி வேறொரு நிறுவனத்தின் வழியாகப் பேச முடிந்தது. 1998 இல் இவ்வெண்கள் ஐந்து இலக்கத்திலிருந்து ஏழு இலக்கமாயின.

10-10-220 என்ற சேவை, 20 நிமிடம் வரையான அழைப்புக்கு 99 சென்ட் என விளம்பரம் செய்தது. முழு நேரமும் பேசினால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 சென்ட் மட்டுமே ஆனது. ஆனால் ஒரே நிமிடத்தில் பேச்சு முடிந்தாலும் 99 சென்ட் செலுத்த வேண்டியிருந்தது. மறுமுனையில் பதிவுக் கருவி பதிலளித்தாலும் அதே கட்டணம்தான் இருந்தது.

இத்தகைய குறைந்தபட்சக் கட்டணங்கள் விளம்பரங்களில் தெளிவாகக் கூறப்படவில்லை என முறைப்பாடுகள் எழுந்தன. 2000 மார்ச்சில் கூட்டாட்சித் தொடர்பு ஆணையமும் கூட்டாட்சி வணிக ஆணையமும் இணைந்து கொள்கை அறிக்கை வெளியிட்டன. கட்டண நிபந்தனைகள் அனைத்தும் விளம்பரத்திலேயே தெளிவாக இருக்கவேண்டும் என்பதே அதன் சாரம்.