பேய்க்கணவாய்க்குப் பிடித்தது எது?

இரத்தினபுரியில் எங்கள் லயத்துக்குக் கீழே ஓடும் ஓடையில் கல்லைப் புரட்டி நண்டு பிடித்து வளர்ந்த எனக்கு, கடல் என்பது பெரும்பாலும் கருவாடுதான். ஆகவே பாக்குநீரிணையின் இந்தியக் கரையில் சிறு பேய்க்கணவாய்களை, அதாவது ஆக்டோபஸ்களை, இரையே வைக்காமல் பிடிக்கிறார்கள் என்று வாசித்தபோது நம்பமுடியவில்லை. வெற்றுச் சங்கு ஓடுகளை நீண்ட கயிற்றில் வரிசையாகக் கட்டிக் கடலடியில் இறக்குவார்கள். வீடு தேடி வரும் பேய்க்கணவாய் உள்ளே புகுந்துகொள்ளும். கயிற்றை இழுத்தால் வேலை முடிந்தது.

ஏன் இரை வேண்டியதில்லை? அதன் வாய் ருசியைக் கணிப்பது அவ்வளவு எளிதல்ல. நண்டு கிடைத்தால் பெரும்பாலும் அதையே முதலில் பிடிக்கும். ஆனால் வளை வாசலில் அது தின்று போட்ட குவியலில் மட்டி ஓடுகளே அதிகம் கிடக்கலாம். நண்டின் ஓடு இலேசானது, நீரோட்டம் அடித்துச் சென்றுவிடும். குவியலை மட்டும் எண்ணினால் கணக்குப் பிழைக்கும்.

மட்டியை முதலில் உறிஞ்சிகளால் இழுத்துத் திறக்கப் பார்க்கும். முடியாவிட்டால் அரம்போன்ற நாக்காலும் உமிழ்நீராலும் ஓட்டில் சிறு துளையிட்டு நஞ்சைச் செலுத்தும். தசை தளர்ந்ததும் ஓடு திறந்துவிடும். இதற்கு நேரமும் உழைப்பும் தேவை.

இந்த உழைப்புத்தான் தெரிவைத் தீர்மானிக்கிறது. ரோலண்ட் அண்டர்சனும் ஜெனிஃபர் மாதரும் 2007இல் வெளியிட்ட ஆய்வு பசிபிக்கின் இராட்சத இனத்தைப் பற்றியது. உயிருள்ள மட்டிகளைக் கொடுத்தபோது, இழுத்தே திறக்கக்கூடிய வகைகளை அவை அதிகம் தின்றன. ஓட்டைத் திறந்து கொடுத்தபோதோ, முன்பு குறைவாகத் தின்ற கடின ஓட்டு வகையையே விரும்பின. பலாப்பழமும் அப்படித்தானே. உரித்துக் கொடுத்தால் எல்லோருக்கும் பிடிக்கும். பால் கையில் ஒட்ட நாமே வெட்டவேண்டுமென்றால் வாழைப்பழம் போதும் என்போம்.

ஒரே இனத்துக்குள்ளும் ஆளுக்கு ஆள் ருசி மாறும். கரிபியன் கடலில் அவர்கள் பார்த்த பேய்க்கணவாய் இனம் பலவகை இரைகளைத் தின்கிறது, ஆனால் தனித்தனியே பார்த்தால் சில மட்டும் ஒன்றிரண்டு வகைகளோடு நின்றுவிடுகின்றன.

தெரிவே இல்லாமல் போகும் காலமும் உண்டு. முட்டையிட்ட தாய் இரை தேடுவதை நிறுத்தி, முட்டைகளைக் காத்து, அவை பொரித்தபின் இறந்துவிடும். நண்டு கட்டிய தூண்டிலை அவள் தேடி வரமாட்டாள். ஓட்டுக்கயிறு அப்படியல்ல. அவள் குடியிருக்கும் ஓட்டையே முட்டைகளோடு மேலே கொண்டுவந்துவிடும்.