இருவழி வானொலியில் டோன் குறியும் சேனல் ஸ்கேனும்

டோன் குறி என்பது வாக்கி டாக்கி போன்ற இருவழி வானொலிக் கருவி, பேசுபவரின் குரலோடு சேர்த்து அனுப்பும் அடையாள ஒலி. ஒரே அதிர்வெண்ணைப் பல குழுக்கள் பகிரும்போது, தன் குழுவின் அழைப்பு வந்தால் மட்டும் ஸ்பீக்கரைத் திறக்க இது உதவுகிறது. நினைவகத்தில் பதிந்த சேனல்களைக் கருவியே ஒவ்வொன்றாகத் தாவிக் கேட்டு, சிக்னல் உள்ள இடத்தில் நிற்பது சேனல் ஸ்கேன்.

திருவனந்தபுரத்துக்கு வடக்கே கழக்கூட்டம் போன்ற ஊரில் இவற்றின் தேவை எளிதில் விளங்கும். 1990இல் தொடங்கிய டெக்னோபார்க், அதைச் சுற்றி எழுந்த அடுக்குமாடிகள், பக்கத்திலேயே காரியவட்டம் கிரிக்கெட் மைதானம் எனக் காவல், பார்க்கிங், விழா ஏற்பாட்டுப் பணிகள் நெருங்கிக் கிடக்கும் பகுதி அது. இந்தியாவில் 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை குறைந்த திறன் வாக்கி டாக்கிகளுக்கு 2018இல் உரிம விலக்கு தரப்பட்டது. 12.5 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் அதற்குள் 16 சேனல்களே அடங்கும். அக்கம்பக்கத்து இரு குழுக்கள் ஒரே சேனலில் வந்து விழுவது இயல்பு.

மிகப் பரவலான டோன் முறை சி.டி.சி.எஸ்.எஸ். இதை மோட்டரோலா 'பிரைவேட் லைன்' என்ற பெயரில் விற்றது. பேசுவதற்கான பி.டி.டி. பட்டனை அழுத்தியிருக்கும் நேரம் முழுவதும் 67.0, 88.5, 123.0 ஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த ஒலிகளில் ஒன்று குரலுக்கு அடியில் ஓடிக்கொண்டிருக்கும். வானொலியில் பேச்சுக்குத் தேவைப்படுவது ஏறத்தாழ 300 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட பகுதி. அதற்குக் கீழே உள்ளதை வாங்கும் கருவியின் வடிகட்டி நீக்கிவிடுவதால் டோன் காதில் விழாது. டி.சி.எஸ். முறையில் ஒலிக்குப் பதில் நொடிக்கு 134.4 பிட் வேகத்தில் ஓர் இலக்கக் குறியீடு திரும்பத் திரும்பச் செல்கிறது. தொலைபேசிப் பொத்தான்களின் டி.டி.எம்.எஃப். ஒலிகளும், சிக்னலை வாங்கி மீண்டும் அனுப்பும் ரிப்பீட்டர்களை இயக்கப் பயன்படுகின்றன. ஐரோப்பிய ரிப்பீட்டர்களைத் திறக்க 1750 ஹெர்ட்ஸ் ஒலியை ஒரு கணம் அனுப்பும் வழக்கம் இருந்தது.

டோன் பூட்டு அல்ல. இதைப் பயனர்கள் அடிக்கடி தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். அதன் விளைவு சிறியதுமல்ல. டோன் வைத்த பேச்சை, டோன் வைக்காத எந்தக் கருவியும் அதே சேனலில் தெளிவாகக் கேட்கும். டோன் வைத்தவருக்குத்தான் மற்றவர்களின் பேச்சு கேட்காமல் போகிறது. சேனல் காலி என்று நம்பி அவர் பட்டனை அழுத்தினால், நடந்துகொண்டிருக்கும் ஓர் அவசர அழைப்பின் மேலேயே பேசிவிடக்கூடும். பரவலாக விற்கும் பாவ்ஃபெங் யூவி-5ஆர் கருவியின் பக்கவாட்டில் 'மோனி' என்றொரு பட்டன் உண்டு. அதை அழுத்திப் பிடித்தால், ஸ்பீக்கரை மூடிவைக்கும் ஸ்குவெல்ச் திறந்து, சேனலில் உள்ளது அப்படியே கேட்கும். பேசுமுன் அதை ஒருமுறை அழுத்திப் பிடித்துப் பார்ப்பதை எந்தக் காவல் குழுவும் முதல் நாளிலேயே கற்றுக்கொள்ள வேண்டும். இக்கருவியில் அனுப்பும் டோனும் வாங்கும் டோனும் தனித்தனி மெனுவில் உள்ளன: டி-சி.டி.சி.எஸ். 13, ஆர்-சி.டி.சி.எஸ். 11. ரிப்பீட்டரைத் திறக்க முன்னது மட்டும் போதும். பின்னதை அணைத்து வைத்தால் அழைப்பு எதுவும் தவறாது.

இதே கருவியில் ஸ்கேனைத் தொடங்க நட்சத்திரப் பொத்தானை அழுத்திப் பிடிக்க வேண்டும். சிக்னலில் நின்றபின் என்ன செய்வது என்பதை மெனு 18 தீர்மானிக்கிறது: 'டி.ஓ.' என்றால் சில நொடி நின்று நகரும், 'சி.ஓ.' என்றால் சிக்னல் மறைந்தபின் நகரும், 'எஸ்.ஈ.' என்றால் அங்கேயே நின்றுவிடும். டோனும் ஸ்கேனும் சேரும்போதுதான் சிக்கல். 67.0 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை முடியவே சுமார் 15 மில்லிநொடி ஆகும். அடுத்த டோனான 69.3 ஹெர்ட்ஸிலிருந்து அதைப் பிரித்தறியப் பல அலைகள் வேண்டும்; கால் நொடி வரை போய்விடலாம். சேனல் தேடும் நேரமும் இதோடு கூடும். அதனால் 'கேட் இரண்டுக்கு வாங்க' என்ற அழைப்பில் கேட் எண் விழுங்கப்பட்டு 'வாங்க' மட்டும் வந்து சேரும். ஸ்கேன் பட்டியலைச் சுருக்குவது ஒரு வழி. பட்டனை அழுத்தி ஒரு நொடி விட்டுப் பேசுவதும், அழைக்கப்படுபவரின் பெயரை இருமுறை சொல்வதும் இன்னொரு வழி.

பொழுதுபோக்கு வானொலியான ஹாம் ரேடியோவில் டோனின் பயன் விண்வெளி வரை நீள்கிறது. கழக்கூட்டத்துக்கு அருகிலுள்ள தும்பாவிலிருந்து 1963 நவம்பர் 21 அன்று இந்தியாவின் முதல் ஆய்வு ராக்கெட் ஏவப்பட்டது. இன்று அதே கரையில் நின்று, உரிமம் பெற்ற ஒரு ஹாம், கையடக்கக் கருவியும் திசை ஆண்டெனாவும் கொண்டு எஸ்.ஓ.-50 செயற்கைக்கோளை முயன்று பார்க்கலாம். 2002 டிசம்பரில் ஏவப்பட்ட அந்தச் சவூதி செயற்கைக்கோளுக்கு 145.850 மெகாஹெர்ட்ஸில் 67.0 ஹெர்ட்ஸ் டோனுடன் பேச வேண்டும், பதில் 436.795ஐ ஒட்டி, டாப்ளர் விளைவால் சற்று நகர்ந்தபடி வரும். அதன் ரிப்பீட்டர் உறங்கிக் கிடந்தால் முதலில் 74.4 ஹெர்ட்ஸ் டோனை இரண்டு நொடி அனுப்ப வேண்டும். உடனே பத்து நிமிடக் கடிகாரம் ஓடத் தொடங்கி, அது முடியும் வரை ரிப்பீட்டர் எல்லோருக்கும் திறந்திருக்கும்.