மேற்பார்வையாளர் பயிற்சி, குழந்தைகள் பாதுகாப்பில் (திருச்சிராப்பள்ளி)

மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் சமூகப் பணியாளர்களையும் களப்பணியாளர்களையும் வழிநடத்தும் அலுவலர்களுக்குத் தரப்படும் பயிற்சியும் தொடர் ஆதரவும். இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 106 மாவட்டந்தோறும் இவ்வலகை அமைக்கச் சொல்கிறது. 2009இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தின் இடத்தில் இன்று மிஷன் வத்சல்யா உள்ளது.

திருச்சி சந்திப்பிலோ ஸ்ரீரங்கம் நிலையத்திலோ பராமரிப்பின்றி மீட்கப்படும் குழந்தையைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக்குழுவின் முன் நிறுத்த வேண்டும். அக்குழந்தையை வீட்டுக்கு அனுப்பலாமா என்பதற்கான சமூக விசாரணை அறிக்கையில் விடுபட்ட கேள்வியைக் கண்டுபிடிக்க வேண்டியவர் மேற்பார்வையாளரே. நலக்குழுவினருக்கு இரண்டு மாதத்துக்குள் அறிமுகப் பயிற்சி தர அதே சட்டத்தின் பிரிவு 27 வலியுறுத்துகிறது. மேற்பார்வையாளருக்கும் பணிச்சுமைக்கு நடுவே அதுபோன்ற ஒருமுறைப் பயிற்சியே போதும் என்பர் சிலர். ஆனால் துன்புற்ற குழந்தைகளின் பேச்சை நாள்தோறும் கேட்கும் பணியாளரின் மனச்சோர்வு வகுப்பறையில் தீராது. கோப்பை விரித்துவைத்துத் தொடர்ந்து பேச மேற்பார்வையாளர் வேண்டும், அவருக்கும் ஆலோசிக்க ஒருவர் வேண்டும்.